உள்ளே யார் சரக்கு?

கணினி அறையில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வருகிற போன் எல்லாம் பென்ஷன் பற்றித்தான். தொழில் சந்தேகம் என்று கேட்டு அழைத்தவர்கள் நீங்கள்தான். அதிலும் உருப்படியான கேள்வியாகக் கேட்டீர்கள்.

"மேடம், சூளைக்குச் சூட்டு அட்டவணை அனுப்புறதுக்கு நீங்க எழுதி வெச்ச ஸ்கிரிப்ட்ல ஒரு வரி இருக்குது. 'உள்ளே யார் சரக்கு?'ன்னு கேக்குது. என்ன அடிச்சாலும் வாங்கிக்குது. அந்தப் பேரை எங்கயும் சேத்து வைக்கல, எதுக்கும் பயன்படுத்தல. சும்மா கேக்குது. எடுத்துடலாமா?"

நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்த வரி எந்த வேலையும் செய்யாது. கணினி படித்துவிட்டு வந்தவர்கள் கண்ணில் அது படாமல் போகுமா? மற்ற வரிகளைப் பார்த்தும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாகச் சிரியுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதல் ஸ்கிரிப்ட் எழுதியவளுடைய கைவேலை அது. ஆனால் எடுக்கலாமா என்ற கேள்விக்குப் போனில் 'ஆம், இல்லை' என்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

நான் இருந்தது லேபில். பீங்கானுக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் கலப்பது என் வேலை. சொந்தமாகச் சூளை வைக்க வசதியில்லாத பட்டறைக்காரர்கள் நம் அரசாங்க மையத்துக்கு இன்னும் சுடாத பச்சைச் சரக்கைக் கொண்டுவந்து இறக்குவார்கள், நாம் சுட்டுக் கொடுப்போம். கப்பு, ஜாடி, பொம்மை, மின்கம்பத்து இன்சுலேட்டர் என்று விருத்தாசலத்து மண்ணில் செய்கிற எல்லாமே நம் சூளைக்குள் போய் வந்திருக்கிறது. பழைய சூளை இருந்தவரை கணினி என்ற பேச்சே இல்லை. புது காஸ் சூளை வந்தது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடு ஏற வேண்டும் என்று சொன்னால் பர்னரைத் தானே கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலர் பெட்டி அதோடு வந்தது. பெட்டிக்குச் சொல்வதற்கு ஒரு கணினியும் வந்தது. வந்த புதிதில் அதில் கலர் கலராகப் படம் தெரியும். சீக்கிரமே அந்த மென்பொருள் படுத்துவிட்டது. புதுப்பிப்பதற்கான கோப்பு மேலிடத்துக்குப் போனது, போனது, போய்க்கொண்டே இருக்கிறது. மிச்சம் இருந்தது ஒரு கறுப்புத் திரையும் கண்ணடிக்கிற கர்சரும்தான். கட்டளையை எழுத்து எழுத்தாக அடித்தால் மட்டும் வேலை நடக்கும்.

கண்காணிப்பாளர் சார் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கீங்க இல்ல?"

"ஆமாம் சார். கல்யாணத்துக்கு முன்னாடி."

"அப்ப நீங்கதான் பாத்துக்கணும்."

நான் கணினித் துறைக்குள் நுழைந்த கதை இவ்வளவுதான். உங்களுக்கு எழுத்துத் தேர்வு, நேர்முகம் என்றெல்லாம் வைத்தார்களாமே.

டைப்ரைட்டிங் எனக்கு உதவியதா என்றால், உபத்திரவம்தான் செய்தது. முற்றுப்புள்ளி வைத்தால் அதற்குப் பிறகு இரண்டு இடைவெளி விட வேண்டும் என்று இன்ஸ்டிடியூட்டில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போயிருந்தது. கோப்பின் பெயரில் புள்ளி வருமே, அங்கேயும் என் கட்டைவிரல் தானாக இரண்டு முறை இடைவெளி தட்டிவிடும். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று திரை சொல்லும். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பேன். கோப்பு எதிரே இருக்கும். அழகாகத்தானே அடித்திருக்கிறேன், இது ஏன் பொய் சொல்கிறது என்று கோபம் வரும்.

இன்னொரு நாள் திரையில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் வந்தது. அரசாங்க வேலையில் இத்தனை வருடம் இருந்தவள், அனுமதி இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? குறிப்பு எழுதி சாரிடம் வைத்தேன். அவரும் படித்துப் பார்த்து, 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். திரும்பி வந்து அதே கட்டளையை அடித்தேன். மறுபடியும் மறுத்தது. சாருக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

இதையெல்லாம் நான் முறையிட்டது ஒரு குரலிடம். கண்ட்ரோலர் விற்ற கம்பெனியில் சென்னையில் போன் எடுக்கிற பெண் அவள். பெயரைச் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை. என் மகள் வயதுதான் இருக்கும். நான் என்ன புலம்பினாலும் முழுக்கக் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொல்வாள்: "மேடம், ஸ்கிரீன்ல கடைசியா என்ன இருக்குது? அப்படியே படிங்க." அனுமதி விஷயத்திலும் அப்படித்தான். அந்தக் கோப்பை ஓடவிடலாம் என்று கணினிக்குத்தான் ஒரு கட்டளை தர வேண்டுமாம், சாரிடம் சீல் வாங்க வேண்டியதில்லையாம். சிரிக்காமல் சொன்னாள். அந்தப் பொறுமைக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள். எதையாவது செய்வதற்கு முன்னால் கடைசி வரியைப் படியுங்கள் என்று நான் சொல்வதெல்லாம் அவளுடைய சொத்து.

அவள் சிரித்தது ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகிற வம்பு அங்கேதான் தொடங்கியது.

சூளைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கவனித்திருப்பீர்கள். சூளை எரிந்துகொண்டிருக்கும்போது அதன் எதிரே நின்று 'ஆச்சா, முடிஞ்சுதா' என்று யாரும் கேட்க மாட்டார்கள். கதவைத் தொட மாட்டார்கள். சத்தம் இல்லாமல் இருக்கிறதென்றால் உள்ளே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று அர்த்தம். சத்தம் வந்தால்தான் பயம். நான் லேபில் இருந்தவள் என்றாலும் இந்தப் புத்தி எனக்குள்ளும் இறங்கியிருந்தது.

ஒரு நாள் காலையில் சூட்டுக் கணக்குகளையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க ஒரு கட்டளை அடித்து எண்டர் தட்டினேன். திரை அடுத்த வரிக்குப் போய் நின்றது. கர்சர் கண்ணடித்தது. வேறு ஒன்றும் இல்லை. திட்டவில்லை, மறுக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் தடவையாக இயந்திரம் என் பேச்சைக் கேட்டு அமைதியாக வேலை செய்கிறது! பர்னர் பார்க்கும் ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஓடிக்கிட்டு இருக்குது மேடம். யாரும் தொட வேணாம்" என்றார். அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்ட வந்த அம்மாவைத் திருப்பி அனுப்பினார். கண்காணிப்பாளர் சார் வந்தபோது உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். சாரும் செருப்பைக் கழற்றாத குறையாக மெல்ல நடந்து போனார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியவில்லை. கடைசியில் சென்னைக்குப் போன் போட்டேன். கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"மேடம், எந்த ஃபைலைச் சேக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

"அதனால என்னம்மா? வேலை செஞ்சுகிட்டுத்தானே இருக்குது?"

"வேலை செய்யல மேடம். நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்குது."

அப்போதுதான் சிரித்தாள். காலையிலிருந்து அது எனக்காகக் காத்திருந்திருக்கிறது, நான் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். நடுவில் ஏழுமலை காவல்.

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே எனக்குப் பொறுக்காது. எண்டரைத் தட்டுவேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த கட்டளை திரும்ப வரும் என்று வேறு கண்டுபிடித்துவைத்திருந்தேன். மேல் அம்பு, எண்டர். மேல் அம்பு, எண்டர். கீபோர்டில் அந்த இரண்டும் வழவழப்பாக இருக்கும், பாருங்கள். அது என் திருப்பணி.

இந்த நிலைமையில்தான் நான் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நீளமாக அடிப்பதற்குப் பதிலாக, அடிக்க வேண்டியதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்து, அதன் பெயரை மட்டும் சொன்னால் ஓடும் என்றாள் சென்னைப் பெண். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அட்டவணைக் கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அதில் எது கடைசியாகச் சேமிக்கப்பட்டதோ, அதைத் தானே எடுத்துச் சூளைக்கு அனுப்புகிற மாதிரி எழுதினேன். சரக்கு வந்ததும் அதற்கான அட்டவணையைத் திருத்திச் சேமிப்பேன். பிறகு ஸ்கிரிப்டைத் தட்டினால் போதும். எதையும் கேட்காது, எதையும் சொல்லாது. எழுதி முடித்துவிட்டு ஏழுமலைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது மல்லிகாவைச் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கருவேப்பிலங்குறிச்சி. நீங்கள் பார்க்கிற மல்லிகாவுக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது அப்படி இல்லை. இங்கே ஒரு பொம்மைப் பட்டறையில் பல வருடம் கூலிக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர். முதலாளி நாலு பேர் எதிரே ஏதோ சொல்ல, 'இனிமே என் கைவேலைய என் பேர்லயே விக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு கடைக்காரர் மேஜையில் வைக்கிற பீங்கான் யானைகள் கேட்டிருந்தார். மல்லிகாவுடைய முதல் ஆர்டர் அது. சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். மல்லிகா அதே முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டும். 'வருவா, எங்க போவா' என்று அந்த ஆள் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

ஐப்பசி மழை. லோடு ஆட்டோவில் வைக்கோல் பரப்பி, யானைகளைத் தார்ப்பாயால் மூடி, பெண்ணாடம் பக்கம் போகிற கரும்பு டிராக்டர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கொண்டுவந்தார். கையில் எடுத்துப் பார்த்தேன். என்ன அழகு! காதை முன்னால் மடித்துக்கொண்டு, எதையோ ஒட்டுக்கேட்கிற மாதிரி ஒவ்வொன்றும் நிற்கிறது. ஆனால் நல்ல கனம், சுவர் தடிமன். மழைநாள் என்பதால் அடிவயிற்றில் இன்னும் ஈரம் இருந்தது.

பச்சைச் சரக்கில் ஈரம் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு முதல் வாரமே சொல்லியிருப்பார்கள். தொடக்கத்தில் சூட்டை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளியே போக வழி தெரியாமல் பொருளை வெடித்துக்கொண்டு கிளம்பும். அதனால் யானைக்கென்று மிக மெதுவான அட்டவணை ஒன்றை உட்கார்ந்து எழுதினேன். அக்கறையாகவே எழுதினேன். சேமித்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, ஏற்கெனவே ஒரு தடவை சுட்ட கப்புகளுக்கான பழைய அட்டவணையைத் திறந்து ஒரு எண்ணைச் சரிபார்த்தேன். மூடும்போது என் விரல், பழக்க தோஷத்தில், சேமித்துவிட்டு மூடியது.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் யானைகளைச் சூளைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள். ஏழுமலை கற்பூரம் காட்டினார். நான் ஸ்கிரிப்டைத் தட்டினேன். கடைசியாகச் சேமித்த கோப்பை எடுத்து அது சமத்தாக அனுப்பிவிட்டது. அது கப்பு அட்டவணை. சுட்ட கப்புக்கு ஈரமே கிடையாது, சூட்டை விறுவிறுவென்று ஏற்றலாம். திரையில் ஒன்றும் வரவில்லை, நான்தான் ஒன்றும் சொல்லாதபடி எழுதியிருந்தேனே. எல்லாம் சுபம் என்று நினைத்துக்கொண்டேன். மல்லிகா வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்பது விதி.

கொஞ்ச நேரத்தில் ஏழுமலை வந்தார். "மேடம், பர்னர் இவ்ளோ சீக்கிரம் இப்படி எரியக் கூடாதே? யானைக்கு மெதுவான சூடுன்னு சொன்னீங்க?"

"அட்டவணை அப்படித்தாங்க போட்டிருக்கேன்."

"சரி மேடம். நீங்க சொன்னா சரி." அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் சூளைக்குள்ளிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. அரிசி மூட்டையை யாரோ கீழே போட்ட மாதிரி. ஆனால் அந்தச் சத்தம் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். கை ஓடியது, அதுதான் பிரச்சினை. மேல் அம்பு, எண்டர். மேல் அம்பு, எண்டர். யானை அட்டவணையைத் திரும்ப அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அதே கப்பு அட்டவணையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் சார் ஓடிவந்து என் பின்னால் நின்று, "ஏதாவது பண்ணுங்க, ஏதாவது பண்ணுங்க" என்றார். நான் ஏதாவதுதான் பண்ணிக்கொண்டிருந்தேன். சென்னைக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது 'டொப்' கேட்டது.

அப்போது காதில் சென்னைப் பெண்ணின் குரல் தானாக ஒலித்தது: கடைசியா என்ன இருக்குது, படிங்க. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். படித்தேன். படிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எந்த அட்டவணை போனது என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியாகச் சேமித்தது முதலில் வரும்படி கோப்புகளின் வரிசையைப் பார்த்தேன். கப்பு முதலில் நின்றது.

என் முதல் ஆசை என்ன தெரியுமா? ஸ்கிரிப்டைத் திறந்து அந்த இடத்திலேயே சரிசெய்துவிட வேண்டும். எல்லோரும் பின்னால் நிற்கும்போது இந்த ஆசை பலமாக வரும். உங்களுக்கும் வரும். வந்தால் எழுந்து நின்றுவிடுங்கள். சூளை எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்கிரிப்டைத் திருத்தக் கூடாது. பதற்றத்தில் எழுதுகிற வரியிலும் இரண்டு இடைவெளி விழும். நான் எழுந்து நின்றேன்.

"ஏழுமலை, பெட்டியிலேருந்து பிரிச்சுக் கைக்கு மாத்துங்க. சூடு ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். இப்ப என்ன இருக்குதோ அதுலயே நிறுத்துங்க. புகை போற டேம்பரை நல்லாத் திறந்து விடுங்க, ஆவி போகட்டும்."

அவர் ஓடினார். அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சூளையை அணைத்துவிட்டால் மிச்சம் இருப்பவை பிழைக்கும். ஆனால் ஆறி, திறந்து, மறுபடி அடுக்கிச் சுடுவதற்குள் பாண்டிச்சேரிக்காரர் சொன்ன நாள் போய்விடும். அணைக்காமல் இதே சூட்டில் நிறுத்தி ஆவியைப் போகவிட்டு மெல்லத் தொடர்ந்தால் நாள் தப்பும். ஆனால் அதற்குள் எத்தனை வெடிக்குமோ, யாருக்கும் தெரியாது.

"நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் சார்.

நான் முடிவு செய்யத்தான் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மல்லிகா மரத்தடியில் எழுந்து நின்று சூளைக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. இத்தனை பேர் உள்ளே இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணுகிறோம், சரக்குக்காரரிடம் ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. வெளியே போனேன்.

"மல்லிகா, தப்பான அட்டவணை போயிடுச்சு. நான்தான் அனுப்பினேன். கப்புக்குப் போடுற சூடு. ரெண்டு யானை வெடிச்சிருக்கும்."

அழுவார், இல்லை கத்துவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள யானை இருக்குதுன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியாதும்மா."

"யாரு சரக்குன்னும் தெரியாதா?"

"அதுக்கு ஒண்ணுமே தெரியாது. நாம சொன்னாத்தான்."

"அப்ப அது கேக்க வேண்டாமா? வூட்டுக் கதவ யாராவது தட்டினா, யாருங்கன்னு கேட்டுட்டுத்தானே தொறக்கறோம்?"

அணைத்தால் என்ன, நிறுத்தி வைத்தால் என்ன என்று இரண்டையும் ஒளிக்காமல் சொன்னேன். சூளையைப் பார்த்தார். ஈரம் எந்தெந்த யானையில் அதிகம் என்று அவருக்குத்தான் தெரியும். கீழ்த்தட்டில் இருப்பவை கடைசியாகச் செய்தவை, மேலே இருப்பவை நன்றாகக் காய்ந்தவை என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

"நிறுத்தி வைங்க மேடம். அணைக்க வேணாம். போறது போகட்டும், நாளு போகக் கூடாது. ஆனா நான் உள்ள வந்து உக்காருவேன்."

சார் விதியை நினைவுபடுத்த வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அந்த மனிதருடைய எல்லா சீல்களையும் நான் மன்னித்துவிட்டேன்.

ஏழுமலை பர்னரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மல்லிகா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சத்தம் வருமா என்று எங்கள் காதெல்லாம் சூளைப் பக்கமே இருந்தது.

"என்ன மேடம் இது, ஒண்ணுமே பேச மாட்டேங்குது?"

"எல்லாம் சரியா நடந்தா பேசாது மல்லிகா. தப்பா இருந்தாத்தான் வாயத் தொறக்கும்."

"எங்க வூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மண் வேலை செய்கிற கை, சொரசொரவென்று இருந்தது.

மூன்றாவது சத்தம் வரவில்லை. ஆவி போய் முடிந்தது என்று ஏழுமலை வந்து சொன்ன பிறகு, அப்போதுதான், நான் கீபோர்டில் கை வைத்தேன். ஸ்கிரிப்டைத் தொடவில்லை. யானை அட்டவணையில் மிச்சம் இருந்த பகுதியை மட்டும் தனிக் கோப்பாக்கி, பெயரை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்து, மல்லிகாவும் ஒரு தடவை பார்த்த பிறகு கையால் அடித்து அனுப்பினேன்.

சூளை ஆறித் திறந்தபோது கீழ்த்தட்டில் இரண்டு யானைகள் சிதறிக் கிடந்தன. சிதறிய துண்டு பட்டு இன்னொன்றுக்குத் தும்பிக்கை போயிருந்தது. மற்றவையெல்லாம் காதை மடித்துக்கொண்டு அப்படியே நின்றன. மல்லிகா சாமர்த்தியசாலி, உடையும் என்று கணக்குப் போட்டுக் கூடுதலாகவே செய்து கொண்டுவந்திருந்தார். அடுத்த சூட்டில் கிளேஸ் போட்டு, சொன்ன நாளில் ஆர்டர் பாண்டிச்சேரிக்குப் போனது. பழைய முதலாளி டீக்கடையில் வேறு பேச்சுப் பேச ஆரம்பித்தார்.

மானிட்டருக்குப் பக்கத்தில் நீங்கள் பேனா, ஸ்குரூடிரைவர் எல்லாம் ஓட்டையில் செருகிவைத்திருக்கிறீர்களே, தும்பிக்கை இல்லாத யானை, அது இதுதான். மல்லிகா எனக்குக் கொடுத்தது. "நீங்க செஞ்சதுதானே மேடம், நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிக் கொடுத்தார். குத்திக்காட்டினாரா, அன்பளிப்பாகக் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்டைத் திருத்தினேன். கடைசியாகச் சேமித்ததை எடுக்கும் வேலையைத் தூக்கிவிட்டேன். எந்தக் கோப்பு என்று நாம்தான் சொல்ல வேண்டும். எது போகிறது, எந்த அளவு சூடு என்று ஒவ்வொரு படியிலும் திரையில் சொல்லும்படி வைத்தேன். பேச்சு அதிகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் அல்லவா, வேண்டுமென்றேதான். இதெல்லாம் சென்னைப் பெண் சொல்லிக்கொடுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வரி மட்டும் நானாகச் சேர்த்தேன். அது மல்லிகா சொன்னது. உள்ளே யார் சரக்கு? வெறும் எண்டர் தட்டினால் விடாது, திரும்பக் கேட்கும். அது யாரைக் குறிவைத்து என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கணினி ஒன்றும் செய்யாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். சென்னைப் பெண்ணும் உங்களை மாதிரியே கேட்டாள், "இது எதுக்கு மேடம்?" என்று. பெயரை அடிக்கிற அந்த நேரத்துக்கு மட்டும், அடிக்கிறவர் மனசு கதவைத் தாண்டிப் போய் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும். எனக்கு அது போதும். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

சென்ற வாரம் மல்லிகா காய்கறி வாங்கிக்கொண்டு போகிற வழியில் என் வீட்டுக்கு வந்திருந்தார். உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார், பயப்படாதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளாம், மரியாதையாகப் பேசுகிறீர்களாம். கிளம்பும்போது மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"மேடம், போன சூட்டுக்கு நான் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். யாரு சரக்குன்னு கேக்குமே, அங்க உங்க பிள்ளைங்க எக்ஸுன்னு ஒத்த எழுத்த அடிச்சிட்டுப் போயிட்டாங்க. எக்ஸுன்னா யாரு மேடம்?"

நான் என்ன சொல்வேன்? புதுசுங்கம்மா, கத்துக்குவாங்க என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மறுநாள்தான் உங்கள் போன் வந்தது.

நான் இப்போது அந்த நாற்காலியில் இல்லை. வரியை வைப்பதும் எடுப்பதும் உங்கள் பொறுப்பு. எடுத்தால் சூளை நின்றுவிடாது, கணினி கோபித்துக்கொள்ளாது. எடுப்பதென்றால் எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் மல்லிகாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடுத்த சூட்டுக்கும் வருகிறாராம். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.